சிறிதாய்ச் செய்வோம், சரியாய்ச் செய்வோம்!

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாறு மாணவர் ஒருவர்)

ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து சேர்ந்த மறுநாள், திருவில்லிபுத்தூர்த் தெருக்களில் இன்னொரு தேரோட்டம் நடக்கும். அட்டைப்பெட்டி, விளக்குமாற்றுக் குச்சி, வண்ணத்தாள், சோடா மூடிச் சக்கரம் இவற்றால் ஆன சப்பரம். வடமாக ஒரு சணல் கயிறு. அதை இழுத்துச் செல்லும் சிறுவர்களை யாரும் கேலி செய்வதில்லை. மாறாக, திண்ணையில் இருக்கும் பெரியவர் ஒருவர், "குதிரையை எங்கடா காணோம்? தேருக்கு முன்னால குதிரை இருக்கணும்ல?" என்று குறை சொல்லித் திருத்துவார். பையன்களும் ஓடிப்போய் அட்டையில் குதிரை வெட்டி ஒட்டிக்கொண்டு வருவார்கள்.

பெரியதைச் சிறிதாகச் செய்வது தமிழருக்குப் புதிதன்று. பட்டினப்பாலையிலேயே சிறுவர் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவத்துக்குப் பெயரே சிறுதேர். ஆனால் அந்தத் திண்ணைப் பெரியவர் கேட்ட கேள்வியைத்தான் நான் இக்கட்டுரையில் கையில் எடுத்துக்கொள்கிறேன். சிறிதாய்ச் செய்தால் போதுமா? சரியாய்ச் செய்ய வேண்டாமா?

நான் செய்வது தேர் அன்று; கூட்ஸ் வண்டிப் பெட்டி. நம் இருப்புப்பாதையில் ஒரு காலத்தில் ஓடிய மீட்டர் கேஜ் சரக்குப் பெட்டிகளை அளவு பிசகாமல் சிறிய உருவில் செய்து பார்ப்பது மூன்றாண்டுகளாக என் பொழுதுபோக்கு. இதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அது வரலாற்றுப் பணி என்பது என் துணிபு. அதை மெய்ப்பிக்கவே எழுதுகிறேன்.

தாத்தா கண்ட குற்றம்

நான் முதன்முதலில் செய்த பெட்டி பார்ப்பதற்கு மிக அழகாய் இருந்தது. வெளிநாட்டுப் படமொன்றைப் பார்த்துச் செய்தேன். பலகைக் கோடுகள், கதவு, செங்காவி வண்ணம் எல்லாம் பொருந்தியிருந்தன. இரு முனைகளிலும் பஃபர் எனப்படும் மோதல்தாங்கி இரண்டிரண்டாக வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் பாராட்டினார்கள்.

என் தாத்தா மட்டும் பாராட்டவில்லை. அவர் இளமையில் கூட்ஷெட்டில் லோடுமேனாக இருந்தவர். பஞ்சுப் பொதிகளையும் மூட்டைகளையும் ஏற்றி இறக்கியே குடும்பத்தை வளர்த்தவர். பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏய்யா, இது எந்த ஊருப் பெட்டி? நம்ம லைன்ல ஓடுன பெட்டிக்கு நடுவுல ஒத்த மூக்குல்ல இருக்கும்! நீ ரெண்டு பக்கமும் உருண்டையா வச்சிருக்க?"

எனக்கு வெட்கமாய்ப் போயிற்று. அவர் சொன்னதே சரி. அகலப்பாதையில் ஓடிய பழைய பெட்டிகளுக்குத்தான் முனைக்கு இரண்டு மோதல்தாங்கிகள். மீட்டர் கேஜ் பெட்டிக்கு நட்ட நடுவில் ஒன்றே ஒன்று. அதிலேயே இணைக்கும் கொக்கியும் இருக்கும். நான் செய்தது நம் பாதையில் ஒரு நாளும் ஓடியிராத பெட்டி!

தாத்தா அத்துடன் விடவில்லை. பெட்டியின் தரையைக் காட்டி, "இம்புட்டு உசரத்துல தரை இருந்தா, தோள்ல மூட்டையோட எப்படிய்யா உள்ள போறது? கூட்ஷெட் மேடையும் பெட்டித் தரையும் ஒரே மட்டமா இருக்கும். பலகையைப் போட்டுட்டு நேரா நடந்து போயிருவோம்" என்றார்.

நான் புத்தகத்தில் தேடிய உயரத்தை அவருடைய முழங்கால்கள் நினைவில் வைத்திருந்தன! ஒரு பெட்டியின் வரலாறு அதைச் செய்த பணிமனையில் மட்டும் இல்லை. அதில் ஏறி இறங்கியவன் உடம்பிலும் இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். தவறான அந்த மாதிரியை நான் செய்திராவிட்டால், இந்தச் செய்தியைத் தாத்தா ஒரு நாளும் சொல்லியிருக்க மாட்டார். "உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பலமுறை கேட்டிருக்கிறேன். "என்னத்தச் சொல்ல, மூட்டை தூக்குனோம்" என்பதே விடை. தவறாகச் செய்த ஒரு பொருளைக் கண்டதும்தான் அவர் வாய் திறந்தது.

என்ஜின் இருக்கப் பெட்டி எதற்கு?

நண்பர்கள் கேட்கிறார்கள்: "செய்வதுதான் செய்கிறாய், ஓர் என்ஜினாகச் செய்தால் என்ன? கூட்ஸ் பெட்டியை யார் பார்ப்பார்கள்?"

யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் காரணம். என்ஜின்களுக்கு வரலாற்று ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மீட்டர் கேஜில் சரக்கு இழுத்த ஒய்.ஜி., பயணிகள் வண்டி இழுத்த ஒய்.பி. என்ற நீராவி என்ஜின்களின் சக்கர அமைப்பு, செய்த தொழிற்சாலை, வரிசை எண் எல்லாம் நூல்களில் கிடைக்கும். 1977-ல் திறக்கப்பட்ட தில்லி தேசிய இரயில் அருங்காட்சியகத்திலும், 2002-ல் சென்னைப் பெரம்பூரில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்திலும் மக்கள் முதலில் ஓடிப்போய் நிற்பது என்ஜின் அருகில்தான். புனேயில் 1998 முதல் இருக்கும் ஜோஷி சிற்றுரு இரயில் காட்சியகத்தில் சின்னஞ்சிறு வண்டிகளே ஓடுகின்றன. அங்கும் குழந்தைகள் கைநீட்டிக் காட்டுவது என்ஜினையே. அது இயல்பு.

ஆனால் எண்ணிப் பாருங்கள். ஒரு சரக்கு வண்டிக்கு என்ஜின் ஒன்று, பெட்டிகளோ பல. ஊருக்குச் சோறு போட்டது அந்தப் பெட்டிகள்தாம். 1875-ல் மதுரைக்கும், 1876-ல் தூத்துக்குடிக்கும் வந்துவிட்ட இருப்புப்பாதை, நம் பக்கம் வர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. மலையைக் குடைந்து செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் 1904-லேயே பாதை போட்டவர்கள், விருதுநகரிலிருந்து சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராசபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்குப் பாதை திறந்தது 1927-ல். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1936-ல், பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராசபாளையம் மில்லைத் தொடங்கினார். பஞ்சும் நூலும் தீப்பெட்டியும் இம்மண்ணின் அடையாளங்கள் ஆயின. அந்தச் சரக்கைச் சுமந்த பெட்டி எப்படி இருந்தது என்று இன்று நம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஒருவராலும் வரைந்து காட்ட இயலாது. நானும் முதலில் தவறாகத்தானே செய்தேன்!

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே என்ஜினை விட்டுவிட்டுச் சரக்குப் பெட்டியை மட்டுமே ஆராய்ந்து மாதிரி செய்பவர்கள் பலர். முதல் உலகப் போரின்போது இருப்புப்பாதைகளைத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்ட அந்நாட்டு அரசு, 1918-ல் ஒரே வகை வரைபடங்களின்படி ஒரு இலட்சம் சரக்குப் பெட்டிகளைச் செய்யச் சொன்னது. அவற்றுள் பலகை வெளியே தெரிவது எது, இரும்புச் சட்டம் வெளியே தெரிவது எது, பின்னாளில் எந்த நிறுவனம் கூரையை மாற்றியது என்பதையெல்லாம் அங்குள்ள ஆர்வலர்கள் பழைய நிழற்படங்களைப் பூதக்கண்ணாடியால் பார்த்துக் கணக்கிடுகிறார்கள். 'தறையாணி எண்ணுகிறவர்கள்' என்று அவர்களை ஊரார் கிண்டல் செய்வதுண்டு. எண்ணட்டுமே! கல்வெட்டில் எழுத்தெண்ணிப் படிப்பவரை நாம் அறிஞர் என்கிறோம். இரும்பில் ஆணி எண்ணுகிறவரை மட்டும் பைத்தியக்காரர் என்பதா?

அளவு சொல்லும் செய்தி

மாதிரி செய்வதில் உயிர்நாடி விகிதம். உலகெங்கும் மிகுதியாக வழங்குவது 87-ல் ஒரு பங்கு என்னும் விகிதம். ஓர் அடியை மூன்றரை மில்லிமீட்டராகச் சுருக்கினால் இவ்விகிதம் கிடைக்கும். இதற்கென்று கடைகளில் விற்கும் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்குங்கள்: 1,435 மில்லிமீட்டர் வரும். அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பாதையின் அகலம்; நம்முடையது அன்று. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். அதே விகிதத்தில் 19.2 மில்லிமீட்டர் வேண்டும். நம் மீட்டர் கேஜ் சரியாக 1,000 மில்லிமீட்டர்; அதற்கு 11.5 மில்லிமீட்டர் வேண்டும். ஆக, கடையில் வாங்கிய பாதையில் நம் ஊர்ப் பெட்டியை நிறுத்தினால், அகலப்பாதைப் பெட்டி ஒடுங்கிய காலோடு நிற்கும். மீட்டர் கேஜ் பெட்டி காலை அகட்டி நிற்கும். நம் வரலாற்றைக் கடையில் வாங்க முடியாது. நாமே செய்துகொள்ளத்தான் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மீட்டர் கேஜ் ஏன் வந்தது? 1870-ல் மேயோ பிரபு ஆட்சியில், செலவைக் குறைக்க வேண்டும் என்பதற்காகக் குறுகிய பாதை தேர்ந்தெடுக்கப்பட்டது. பாதை குறுகினால் பெட்டி சிறிதாகும். பெட்டி சிறிதானால் அதன் சுமை குறையும். இதைக் குறை என்றே பலரும் சொல்வர். ஆனால் ஒரே விகிதத்தில் செய்த இரண்டு மாதிரிகளை அருகருகே வைத்தபோது எனக்கு வேறொன்று புலப்பட்டது.

ஒன்று, நான்கு சக்கரங்கள் கொண்ட மீட்டர் கேஜ் மூடுபெட்டி. மற்றொன்று, இன்றைய அகலப்பாதைப் 'பாக்ஸ்-என்' திறந்த பெட்டி. அதன் பெயரில் வரும் 'பி' போகியைக் குறிக்கும். 'ஓ' திறந்த பெட்டி என்பதைக் குறிக்கும். 'என்' காற்றழுத்தத் தடையைக் குறிக்கும். இணைப்பு முனைகளையும் சேர்த்து அதன் நீளம் 10,713 மில்லிமீட்டர், அகலம் 3,200, தண்டவாளத்திலிருந்து உயரம் 3,225. முதலில் வகுத்தபடி அதன் வெற்றெடை 22.47 டன், சுமை 58.81 டன். இரண்டையும் கூட்டினால் 81.28, நான்கு அச்சுகளுக்கும் பகிர்ந்தால் அச்சுக்கு 20.32 டன். மூடுபெட்டிகளும் அவ்வாறே பெருத்துவிட்டன. ஏறத்தாழ 55 டன் கொள்ளும் இன்றைய மூடுபெட்டி ஒன்றில், எடைக் கணக்கில் மட்டும் பார்த்தால், 170 கிலோ பஞ்சுப் பொதிகள் முந்நூறுக்கு மேல் அடங்கும். அத்தகைய பெட்டிகள் நாற்பது சேர்ந்தால்தான் ஒரு முழு வண்டி.

இப்போது சிந்தியுங்கள். அன்று ஒரு சிறு வணிகர் கூட்ஷெட்டுக்குப் போய் ஒரே ஒரு பெட்டியைப் பதிவு செய்யலாம். அவர் சரக்கு ஏற்றப்பட்டு, கதவுக்குக் கம்பி கட்டி ஈய முத்திரை இடப்பட்டு, சேருமிடம் எழுதிய அட்டையோடு, அவ்வழியே வரும் வண்டியில் சேர்க்கப்படும். 1980-களிலிருந்து இரயில்வே இம்முறையைப் படிப்படியாகக் கைவிட்டு, ஓரிடத்தில் நிரம்பி ஓரிடத்தில் காலியாகும் முழு வண்டி முறைக்கு மாறியது. விரைவு கூடியது, சிக்கனம் கூடியது, மறுப்பதற்கில்லை. ஆனால் பன்னீராயிரம் பொதியை ஒருசேரத் திரட்ட எந்தச் சிறு வணிகரால் முடியும்? அவர் லாரிக்குப் போனார். கூட்ஷெட்டில் அவரை நம்பியிருந்த லோடுமேன் வேறு வேலைக்குப் போனார்.

பெட்டியின் அளவு என்பது வெறும் அளவன்று. ஒரு பெட்டியை நிரப்பக்கூடிய மனிதர் எப்படிப்பட்டவர் என்பதன் அளவு. அந்த மீட்டர் கேஜ் பெட்டி ஒரு சிறு வணிகரின் அளவு. அதை ஏற்றி முடிப்பது ஒரு லோடுமேன் கூட்டத்தின் ஒரு நாள் பாடு. இந்தச் செய்தி, மாதிரி சரியான அளவில் இருந்தால் மட்டுமே கிடைக்கும். நான்கில் ஒரு பங்கு கூட்டிச் செய்துவிட்டால் பெட்டி பொய் சொல்லும். ஆகவேதான் துல்லியம் வேண்டும் என்கிறேன், அழகுக்காக அன்று.

செலவும் செய்முறையும்

"இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு" என்பது அடுத்த மறுப்பு. இறக்குமதி செய்த மாதிரிகளின் விலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அட்டைக்குப் பஞ்சமா? தேதி கிழித்து முடிந்த நாட்காட்டிகளின் அடியட்டை தை மாதத்தில் வீட்டுக்கு வீடு கிடைக்கும். அதுவே என் பெட்டியின் உடல். பழைய திருமண அழைப்பிதழ் அதன் மேல் தகடு. மை தீர்ந்த பேனாக் குச்சியால் அழைப்பிதழைப் பின்புறமிருந்து புள்ளி புள்ளியாக அழுத்தினால், முன்புறம் தறையாணித் தலைகள் வரிசையாக எழுந்து நிற்கும். மின்கம்பியின் உள்ளிருக்கும் மெல்லிய செம்பிழை கைப்பிடிக் கம்பியாகும். சக்கரத்தை மட்டும் லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன்.

புதிதாகத் தொடங்குவோருக்கு 20-ல் ஒரு பங்கு என்ற விகிதமே நல்லது. ஒரு மீட்டர் ஐந்து சென்டிமீட்டர் ஆகிவிடும். ஆறு மீட்டர் நீளமுள்ள பொருள் என்றால் முப்பது சென்டிமீட்டர். நம் அளவுகோலுக்குள் அடங்கிவிடும். கணக்கில் எளிமை, கைக்கும் எளிமை.

அளவுக்கு எங்கே போவது? பழைய நிழற்படம் ஒன்றில் பெட்டியின் முகப்பு நேராகத் தெரிந்தால் போதும். தண்டவாளத்தின் இடைவெளி ஒரு மீட்டர் என்பது நமக்குத் தெரியும், அதுவே அளவுகோல். அதைக்கொண்டு அகலமும் உயரமும் கணக்கிடலாம். ஆனால் பெட்டியின் முகப்பு நிற்கும் இடத்திலேயே இடைவெளியை அளக்க வேண்டும். தொலைவில் தண்டவாளம் குறுகித் தோன்றும். இயற்பியல் துறை நண்பர்களுக்கு இதன் காரணத்தைச் சொல்லத் தேவையில்லை!

"நிழற்படமே இருக்கும்போது மாதிரி எதற்கு?" என்பாரும் உண்டு. நிழற்படம் காட்டுவது ஒரு பக்கத்தை. மாதிரி செய்கிறவன் எல்லாப் பக்கத்தையும் செய்தாக வேண்டும். தடைக் கம்பி எங்கே தொடங்கி எந்தச் சக்கரத்துக்குப் போகிறது? வில்தகடு அச்சின் மேலா, கீழா? மழைநீர் கூரையிலிருந்து எங்கே வடியும்? படம் பார்ப்பவன் இவற்றைக் கேட்பதில்லை. செய்பவன் கேட்காமல் தப்ப முடியாது. கணினியில் வரைந்து இயந்திரத்தால் வார்த்தெடுப்போருக்கும் இதே நிலைதான். இயந்திரம் வார்க்கும், தாத்தாவிடம் போய்க் கேட்காது.

காத்திருக்கக் கூடாது

நம் விருதுநகர்–தென்காசிப் பாதை இந்நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில் அகலப்பாதையாயிற்று. 1992-ல் நாடு முழுதும் ஒரே அகலம் என்று தொடங்கிய திட்டத்தின் பகுதி அது. மலைப்பாதையில் 2010-ல் மீட்டர் கேஜ் நின்றது. 2018-ல் அகலப்பாதை வந்தது. தமிழ்நாட்டில் இன்று மீட்டர் கேஜ் வண்டியைக் காண விரும்புவோர் நீலகிரி மலைக்குத்தான் போக வேண்டும். பெட்டிகள் பழைய இரும்பாகிவிட்டன. எஞ்சியிருப்பது சில நிழற்படங்களும் சில முதியவர்களின் நினைவுமே.

தாத்தாவோடு வேலை செய்த முதியவர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். கதவுத் தாழ்ப்பாள் எப்படி விழும், ஈய முத்திரைக் கம்பி எந்தத் துளை வழியாகப் போகும் என்பதில் தாத்தாவுக்கு ஐயம் வந்தபோது, "அவன்ட்ட கேட்ருவோம், அவன்தான் கம்பி கட்டுவான்" என்றார். பருவத் தேர்வு முடியட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன். தேர்வு முடிந்து நான் வீடு திரும்பியபோது அவருடைய பதினாறாம் நாள் காரியம் நடந்துகொண்டிருந்தது.

என் இரண்டாவது பெட்டி இப்போது மேசைமேல் இருக்கிறது. நடுவில் ஒற்றை மூக்கு. மேடை மட்டத்தில் தரை. ஆனால் கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஏதாவது ஒன்றைக் கற்பனையாகச் செய்து ஒட்டியிருக்கலாம். ஒருவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஒட்டவில்லை. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவைப்பதும் துல்லியத்தின் பகுதிதான் என்று நம் துறைப் பேராசிரியர்கள் கற்பித்ததை அட்டையிலும் பின்பற்றினேன்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த கல்லூரி நாள் கண்காட்சியில், நம் ஊர்களைச் சுமந்த பொருள் ஒன்றை அளவோடு சிறிதாய்ச் செய்து வைப்போம். சரக்குப் பெட்டிதான் என்று இல்லை. மாட்டுவண்டி, கமலை, கைத்தறி, செக்கு எதுவாயினும் சரி. வரலாற்று மாணவர் கேட்டு எழுதட்டும். இயற்பியல் மாணவர் அளக்கட்டும். கணித மாணவர் சுருக்கட்டும். செய்து முடித்ததைக் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டுவதற்கு முன், அப்பொருளோடு வாழ்ந்த முதியவர் ஒருவரை அழைத்து அவர் கையில் கொடுப்போம். அவர் குறை சொல்லட்டும். அந்தக் குறைகளே நமக்குக் கிடைக்கும் பாடநூல்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ, கூட்ஷெட்டில் கதவுக்குக் கம்பி கட்டிய பெரியவர் எவரேனும் இருந்தால், அருள்கூர்ந்து எனக்குச் சொல்லுங்கள். தேர்வுக்குப் பிறகு அன்று, இன்றே வருகிறேன்.